பங்கில் புதிய பொதுநிலைத் தலைவர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கத்தோலிக்கப் பங்கு ஒன்றில், அதாவது ஒரு குருவின் (பங்குத்தந்தையின்) பொறுப்பிலுள்ள ஆலயச் சமூகத்தில், அதன் ஆலோசனைக் குழுவான பங்குப் பேரவைக்குப் புதிய துணைத்தலைவர் வந்தாலும் சரி, விசுவாசத்தைக் கற்றுத்தரும் மறைக்கல்விக்குப் புதிய பொறுப்பாளர் வந்தாலும் சரி, அந்த ஞாயிறு ஆலய வாசலில் கிளம்பும் கேள்விகள் ஒன்றுபோலத்தான் இருக்கும். இவரை யார் போட்டது? இனி எதற்கெல்லாம் இவரிடம் போக வேண்டும்? அப்போ பழையவர் என்ன ஆனார்? இந்த மூன்றுக்கும் முதல் நாளே ஆலயத்துக்குள் வைத்து நேராகப் பதில் சொல்லிவிட்டால், பின்னால் வரும் மனத்தாங்கலில் பெரும்பகுதி வராது. பங்குத்தந்தை, பேரவை உறுப்பினர்கள், பொறுப்பேற்பவர், பங்கு மக்கள் எல்லோரையும் மனதில் வைத்தே இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன். சட்ட எண்கள் வரும் இடங்களில் எல்லாம் 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பைக் குறிப்பிடுகிறேன்.

பொதுநிலைத் தலைவர் என்று யாரையெல்லாம் சொல்வது?

திருமுழுக்குப் பெற்று, திருப்பட்டம் பெறாமல் (அதாவது குருவாகவோ, குருவுக்கு அடுத்த நிலையிலுள்ள திருத்தொண்டராகவோ ஆகாமல்), பங்கில் குறிப்பிட்ட ஒரு பொறுப்பை ஏற்றிருப்பவர்களை. பேரவைத் துணைத்தலைவர், செயலர், நிதிக்குழு உறுப்பினர், அன்பியம் எனப்படும் அக்கம்பக்கக் குடும்பங்களின் குழுவுக்குப் பொறுப்பாளர், மறைக்கல்விப் பொறுப்பாளர், பாடகர் குழுவையோ இளைஞர் குழுவையோ நடத்துபவர் எல்லோரும் இதில் அடக்கம். பேரவையில் பொதுநிலையினர் ஒருவர் ஏன் துணைத்தலைவர் பதவியோடு நின்றுவிடுகிறார் என்று சிலர் கேட்பதுண்டு. சட்டம் 536-இன்படி பேரவைக்குத் தலைமை ஏற்பவர் பங்குத்தந்தை.

பங்குத்தந்தை இருக்கும்போது பொதுநிலையினர் ஒருவர் எதற்குத் தலைமை ஏற்க வேண்டும்?

ஆள் பற்றாக்குறைக்காக என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. நூறு குருக்கள் இருந்தாலும் பொதுநிலையினரின் பங்கு அப்படியே இருக்கும். அது திருமுழுக்கிலிருந்து வருவது; யாரும் இரக்கப்பட்டுக் கொடுப்பது இல்லை. உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் திருச்சபை பற்றி வெளியிட்ட ஏட்டில் ஒரு முழு அதிகாரத்தைப் பொதுநிலையினருக்கு ஒதுக்கியது. மறு ஆண்டே அவர்களின் திருத்தூதுப் பணி பற்றித் தனி ஏடும் வந்தது. 1964-ஆம் ஆண்டு ஏட்டின் 37-ஆம் பத்தி மேய்ப்பர்களை, அதாவது ஆயர்களையும் குருக்களையும், பார்த்தே பேசுகிறது: பொதுநிலையினரின் விவேகமான ஆலோசனையை விருப்பத்தோடு கேளுங்கள், நம்பிக்கையோடு பொறுப்புகளைக் கொடுங்கள், செயல்பட இடமும் சுதந்திரமும் விடுங்கள் என்பது அதன் சாரம்.

இதற்கு ஜப்பான் திருச்சபையின் வரலாற்றைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை. 1614-இல் அங்கே கிறிஸ்தவம் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் குருக்கள் யாரும் இல்லாமலே நாகசாகி பகுதியின் மறைவுக் கிறிஸ்தவர்கள் விசுவாசத்தைக் காத்தார்கள். திருநாள்களின் கணக்கை வைத்திருக்க ஒருவர், குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்க ஒருவர், வீடு வீடாகச் செய்தி சொல்ல ஒருவர் என்று பொறுப்புகளைப் பிரித்துக்கொண்டார்கள். இவர்கள் எல்லோரும் பொதுநிலையினர். 1865 மார்ச் மாதம் நாகசாகியின் ஓவுரா ஆலயத்தில் பிரெஞ்சு குரு ஒருவரிடம் சிலர் வந்து, தாங்களும் அதே விசுவாசத்தினர் என்று சொன்னபோதுதான் வெளியுலகுக்கு விஷயம் தெரிந்தது. யார் எதற்குப் பொறுப்பு என்பது அந்தச் சின்னக் குடியிருப்புகளில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தலைமுறை தலைமுறையாக அது கைமாறி வந்ததற்கு அந்தத் தெளிவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இவரை யார் நியமிப்பது? தேர்தல் வைக்க வேண்டாமா?

தகுதியுள்ள பொதுநிலையினரைத் திருச்சபைப் பொறுப்புகளில் மேய்ப்பர்கள் அமர்த்தலாம் என்கிறது சட்டம் 228. பேரவை உறுப்பினர்களை எப்படித் தேர்வது என்பதை அந்தந்த மறைமாவட்டத்தின், அதாவது ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள பகுதியின், விதிமுறைகள் சொல்லும். சில இடங்களில் அன்பியங்கள் தேர்ந்து அனுப்பும், சில இடங்களில் வாக்கெடுப்பு நடக்கும், சில இடங்களில் பங்குத்தந்தையே பெயர் குறிப்பார். மூன்றும் கலந்து வருவதும் உண்டு.

எந்த முறையானாலும், மக்கள் பெயர் சொல்லும் கட்டம் ஒன்று இருப்பது நல்லது. திருத்தூதர் பணிகள் நூல் 6-ஆம் அதிகாரத்தில் கைம்பெண்களின் அன்றாடப் பந்தியில் குறை எழுந்தபோது, பன்னிருவரும் சீடர் அனைவரையும் கூட்டினார்கள். நற்சான்று பெற்ற எழுவரை நீங்களே தேர்ந்தெடுங்கள் என்றார்கள். மக்கள் தேர்ந்தார்கள், திருத்தூதர்கள் இறைவனிடம் வேண்டி அவர்களைப் பணியில் அமர்த்தினார்கள். அந்த எழுவரைத் திருத்தொண்டர்களின் முன்னோடிகளாகவே மரபு பார்க்கிறது. ஆனாலும் தேர்ந்த விதம் நம் பேரவைகளுக்கும் பொருந்தும்.

வந்த வழி எதுவோ அதை அறிமுகத்தில் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். பங்குத்தந்தை நேரடியாக நியமித்திருந்தால் அப்படியே சொல்லலாம், அதில் குறை ஒன்றும் இல்லை. நியமித்துவிட்டு "மக்கள் விருப்பப்படி" என்று அறிவிப்பதுதான் கசப்பை உண்டாக்கும்.

ஞாயிறு திருப்பலியில் எந்த நேரத்தில் அறிமுகப்படுத்துவது?

நற்கருணைக்குப் பின்வரும் மன்றாட்டு முடிந்து, இறுதி ஆசிக்கு முன்பு. சுருக்கமான அறிவிப்புகளுக்குத் திருப்பலி ஒழுங்குமுறை வைத்திருக்கும் இடம் அதுதான். மறையுரை நேரத்தை இதற்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. புதியவரையே பீடத்தருகே நிறுத்தி, மறையுரைக்குப் பதிலாக அவரைப் பேசச் சொல்வது இன்னும் தவறு. மறையுரை குருவுக்கும் திருத்தொண்டருக்கும் உரியது என்று சட்டம் 767 தெளிவாகவே சொல்கிறது.

ஒரே ஞாயிறில் பல திருப்பலிகள் நடக்கும் பங்கு என்றால் எல்லாத் திருப்பலியிலும் அறிமுகம் நடக்க வேண்டும். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் பெரிய திருப்பலியில் மட்டும் அறிவித்தால், விடியற்காலைத் திருப்பலிக்கு வரும் முதியவர்களுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் செய்தி வாய்வழியாகத்தான் போகும். வாய்வழியாகப் போகும்போது அது எந்த உருவத்தில் போய்ச் சேரும் என்பது நம் கையில் இல்லை.

அறிவிப்பில் என்ன சொல்ல வேண்டும்?

பெயர், பொறுப்பு, எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டார், எவ்வளவு காலத்துக்கு, எதற்கு அவரை அணுகலாம், எதற்கு அணுக வேண்டாம், முன்பு இருந்தவருக்கு நன்றி. இவ்வளவும் இரண்டு நிமிடத்துக்குள் அடங்கும். பங்குத்தந்தையே வாசிக்க வேண்டும், வேறு யாரிடமும் விட வேண்டாம். ஒரு மாதிரி:

"அன்பு இறைமக்களே, நம் பங்கின் மறைக்கல்விப் பொறுப்பாளராக இன்று முதல் இவர் பணியாற்றுவார். மறைக்கல்வி ஆசிரியர்கள் கூடி மூன்று பெயர்களைத் தந்தார்கள். அவர்களுள் இவரைப் பேரவையோடு கலந்து நான் நியமித்திருக்கிறேன். பொறுப்புக் காலம் மூன்று ஆண்டுகள். வகுப்பு நேரம், ஆசிரியர்கள், புத்தகங்கள், புதுநன்மைத் தயாரிப்பு இவற்றுக்கு இனி இவரைப் பாருங்கள். திருமுழுக்குச் சான்றிதழ் போன்றவற்றுக்கு எப்போதும்போல் பங்கு அலுவலகம் வாருங்கள். இத்தனை ஆண்டுகள் இந்தப் பணியைச் சுமந்த நம் சகோதரிக்குப் பங்கின் சார்பில் நன்றி சொல்கிறேன். அடுத்த இரண்டு மாதங்கள் அவர் புதியவருக்குத் துணையாக இருப்பார்."

இதில் புகழ்ச்சி ஒரு வரிகூட இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். முதல் நாளே "ஆற்றல் மிக்கவர், அயராது உழைப்பவர்" என்று ஏற்றிவைத்தால், சின்னச் சறுக்கலுக்கும் மக்கள் அந்த வார்த்தைகளை எடுத்து அவர்மேலேயே வீசுவார்கள். எல்லைகளைச் சொல்லும் வரிகள்தான் அவரைக் காக்கும். திருமுழுக்குச் சான்றிதழ் தரவில்லை என்று ஒருவர் கோபித்துக்கொண்டு போனால், அது தன் பொறுப்பு இல்லை என்று அவரே விளக்கிக்கொண்டிருக்க வேண்டியிராது.

அவருடைய படிப்பு, வேலை, குடும்பம், கொடுத்த நன்கொடை பற்றியெல்லாம் சொல்லலாமா?

பொறுப்புக்குத் தொடர்புள்ளதை ஒரு வரியில் சொல்லலாம். பங்கில் எத்தனை ஆண்டுகளாக என்ன செய்து வருகிறார் என்பது போதும். நன்கொடையைப் பற்றிப் பேசவே வேண்டாம். பணம் கொடுத்தால் பதவி கிடைக்கும் என்ற எண்ணத்தைப் பீடத்திலிருந்தே விதைத்ததாகிவிடும். குடும்ப விவரம் சொல்வதானால் அவரிடமும் அவர் வீட்டாரிடமும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

தலைமேல் கை வைத்துச் செபிப்பது, உறுதிமொழி எடுப்பது, அங்கி போடுவது?

ஆசி செபம் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். எல்லோரும் சேர்ந்து அவருக்காக மன்றாடும்போது அவர் நம்மவர் என்ற உணர்வு வருகிறது. நம்பிக்கையாளர் மன்றாட்டிலும் ஒரு வேண்டுதல் சேர்க்கலாம். ஆனால் கைகளை வைத்தல் திருப்பட்டத்தின் மைய அடையாளம் என்பதால், பார்ப்பவருக்குக் குழப்பம் தரும்படி அதைச் செய்யாமல் இருப்பதே நல்லது. குரு கைகளை விரித்துச் செபித்தால் போதும். உறுதிமொழி வைத்தால் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுங்கள்.

அவர் என்னென்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?

அவருக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பு எதுவோ அதைச் செய்யலாம் என்பதுதான் முதல் பதில். பேரவைத் துணைத்தலைவர் ஆனதால் நற்கருணை வழங்கும் உரிமை தானாக வந்துவிடாது. நற்கருணைப் பணி தனி, அதற்கு அனுமதியும் பயிற்சியும் தனி.

பொதுவாகச் சொன்னால், வாசகம் வாசிப்பது, குரு இல்லாத இடத்தில் இறைவார்த்தை வழிபாட்டை நடத்துவது, மறைக்கல்வி கொடுப்பது, நோயாளரைச் சந்திப்பது, தேவையின்போது முறையான அனுமதியோடு நற்கருணை வழங்குவது ஆகியவை பொதுநிலையினருக்குத் திறந்திருக்கின்றன. உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் சரியான நோக்கத்தோடு யாரும் திருமுழுக்குக் கொடுக்கலாம் என்கிறது சட்டம் 861. குருக்கள் போதாத இடத்தில், ஒரு பங்கின் மேய்ப்புப்பணியில் திருத்தொண்டருக்கோ பொதுநிலையினருக்கோ ஆயர் பங்கு கொடுக்கலாம் என்று சட்டம் 517 வழிவிடுகிறது. அப்போதும் அந்தப் பணியை நெறிப்படுத்த ஒரு குரு நியமிக்கப்பட வேண்டும். திருப்பலி நிறைவேற்றுவதும், பாவமன்னிப்பு வழங்கும் ஒப்புரவு அருளடையாளமும், நோயாளருக்கு எண்ணெய் பூசும் நோயில்பூசுதலும் குருவுக்கு மட்டுமே உரியவை.

அவரை எப்படி அழைப்பது? ஏதாவது பட்டம் உண்டா?

பொறுப்பின் பெயரே போதும். பங்குத்தந்தையின் பணியோடு குழம்பக்கூடிய பட்டங்களைப் பொதுநிலையினர் சூடிக்கொள்ளக் கூடாது என்று 1997-இல் உரோமை வெளியிட்ட அறிவுறுத்தல் சொல்கிறது. "ஒருங்கிணைப்பாளர்" என்பதும் அந்தப் பட்டியலில் இருப்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். பாடகர் குழு ஒருங்கிணைப்பாளர் என்றால் யாருக்கும் குழப்பம் வராது. வெறுமனே "பங்கு ஒருங்கிணைப்பாளர்" என்று அச்சடித்தால்தான் சிக்கல்.

பங்கின் பணத்துக்கு இவர் பொறுப்பா? கையெழுத்துப் போடுவாரா?

ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் என்கிறது சட்டம் 537. மேய்ப்புப்பணிப் பேரவை (பங்குப் பேரவை என்று நாம் சொல்வது) ஆயரின் முடிவைப் பொறுத்தது, நிதிக்குழுவோ கட்டாயம். சட்ட விவகாரங்களில் பங்கின் சார்பாக நிற்பவர் பங்குத்தந்தை என்பது சட்டம் 532. ஆகவே பேரவைத் துணைத்தலைமைக்கு வந்தவர் பணப்பெட்டிக்கும் வந்துவிட்டார் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவரிடம் யாராவது காணிக்கை கொடுத்தால், ரசீது தரக்கூடிய இடத்துக்கு அனுப்பிவைப்பதே அவருக்குப் பாதுகாப்பு.

பேரவை எடுக்கும் முடிவுக்குப் பங்குத்தந்தை கட்டுப்பட வேண்டுமா?

சட்டப்படி பேரவைக்கு இருப்பது ஆலோசனைக் குரல் மட்டும். இதைக் கேட்டதும் "அப்புறம் எதற்குக் கூடுவது?" என்று சிலர் சோர்ந்துபோகிறார்கள். சோர வேண்டாம். ஆலோசனை என்றால் கேட்டு ஒதுக்கிவிடுவது என்று பொருள் இல்லை. எல்லோரும் ஒருமித்துச் சொன்னதை ஒரு பங்குத்தந்தை ஏற்கவில்லை என்றால், ஏன் என்று பேரவைக்கு அவர் விளக்க வேண்டும் என்றே நான் எதிர்பார்ப்பேன். 2021 முதல் 2024 வரை உலகத் திருச்சபை முழுவதையும் கலந்தாலோசித்து நடந்த ஆயர் மாமன்றப் பயணமும் இந்தப் பக்கம்தான் அழுத்தம் கொடுத்தது: ஒன்றுகூடிக் கேட்பது, ஒளிவில்லாமல் செயல்படுவது, செய்ததற்குக் கணக்குக் கொடுப்பது. புதிய தலைவர் இதைப் புரிந்துகொண்டு வந்தால் மக்களிடம் பொய்யான வாக்குறுதி கொடுக்க மாட்டார். "கூட்டத்தில் வைக்கிறேன், என்ன ஆனது என்று வந்து சொல்கிறேன்" என்பதுதான் அவர் கொடுக்கக்கூடிய வாக்கு. அதைக் காப்பாற்றினாலே போதும்.

பெண்கள் தலைமை ஏற்கலாமா?

ஏற்கலாம். சட்டம் 228-இல் ஆண், பெண் பாகுபாடு கிடையாது. திருப்பலியில் வாசகம் வாசிக்கும் வாசகர், பீடத்தில் உதவும் பீடத்துணைவர் ஆகிய நிலையான பணிகள் மட்டும் ஆண்களுக்கென்று இருந்தன. 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் அதையும் மாற்றினார். அதே ஆண்டு மே மாதம் மறைக்கல்வி தரும் வேதியர் பணியை முறையான திருப்பணியாக நிறுவினார், அதிலும் இருபாலரும் உண்டு. தூய பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் கடைசி அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். முதலில் வரும் பெயர் பெயிபா, அடுத்தது பிரிஸ்கா. கணவர் அக்கிலாவின் பெயர்கூட மனைவியின் பெயருக்குப் பின்தான் வருகிறது.

ஊதியம் உண்டா?

பெரும்பாலான பொறுப்புகள் தன்னார்வப் பணி. முழுநேரமாகப் பணிபுரிபவருக்கு அவருடைய நிலைக்கேற்ற நியாயமான ஊதியம் பெற உரிமை உண்டு என்கிறது சட்டம் 231. தன்னார்வலர் என்றாலும் பயணச் செலவு, அச்சுச் செலவு போன்றவற்றைத் தன் கையிலிருந்து போட விடாதீர்கள்.

சிறுவர்களோடு பணிபுரியும் பொறுப்பு என்றால்?

மறைமாவட்டத்தின் சிறுவர் பாதுகாப்பு விதிமுறைகள், பின்னணிச் சரிபார்ப்பு, பயிற்சி எல்லாம் முடிந்த பிறகுதான் அறிமுகம். "நமக்குத் தெரிந்தவர்தானே" என்பது காரணம் ஆகாது.

முன்பு இருந்தவரை எப்படி வழியனுப்புவது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. எல்லோரும் கேட்க வேண்டியது இதுதான். பல ஆண்டுகள் ஆலயத்தின் சாவிக்கொத்தைச் சுமந்தவர் ஒரு ஞாயிறு காலை அறிவிப்பைக் கேட்டுத்தான் தான் விலகியதைத் தெரிந்துகொள்கிறார் என்றால், அந்தக் காயம் அவரோடு நிற்காது. அவர் குடும்பம், அவரைச் சுற்றி வளர்ந்த குழு, அவர் சேர்த்துவிட்ட இளைஞர்கள் எல்லோரையும் தொடும்.

எனவே அறிவிப்புக்கு முன்பே பங்குத்தந்தை அவர் வீட்டுக்கே போய்ப் பேச வேண்டும். தொலைபேசி போதாது. மாற்றத்துக்கு வேறு காரணம் இருந்தால் அதை அவரிடம் தனியாக, நேராகச் சொல்ல வேண்டும். பொதுவில் சொல்லக் கூடாது. ஒருவரின் நற்பெயரை நியாயமின்றிக் கெடுக்க யாருக்கும் அனுமதியில்லை என்பது சட்டம் 220.

அடுத்தது ஒப்படைப்பு. சாவிகள், பதிவேடுகள், கணக்கு, வாட்ஸ்அப் குழுவின் நிர்வாகப் பொறுப்பு இவை எல்லாம் ஒரு பட்டியலாக எழுதப்பட்டு, இருவரும் கையெழுத்திட்டுக் கைமாற வேண்டும். வாட்ஸ்அப் குழுவைப் பலரும் மறந்துவிடுவார்கள். பழையவர் கையிலேயே அது இருந்தால் பங்கில் இரண்டு அறிவிப்புப் பலகைகள் இருப்பது போலத்தான். பட்டியலில் இல்லாத அறிவும் உண்டு: எந்த வீட்டில் படுக்கையில் இருப்பவருக்கு மாதாமாதம் நற்கருணை கொண்டுபோக வேண்டும், எந்த இரண்டு குடும்பங்களை ஒரே குழுவில் போட்டால் பேச மாட்டார்கள் என்பது போன்றவை. இதைப் பழையவர் மனம் வந்து சொன்னால்தான் கிடைக்கும்.

புதியவர் முதல் சில வாரங்களில் என்ன செய்ய வேண்டும்?

எதையும் மாற்ற வேண்டாம். பாட்டுப் பயிற்சி நேரம், நாற்காலி வரிசை, கூட்ட நாள் எல்லாம் இருந்தபடியே இருக்கட்டும். முதலில் போய்ப் பார்க்க வேண்டியவர்களைப் பாருங்கள். கூட்டத்துக்கு வந்து பேசுகிறவர்களை எப்படியும் சந்திப்பீர்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசி முடிந்ததும் கிளம்பிவிடுகிறவர்களை வாசலில் நின்றால்தான் பிடிக்க முடியும். பெயரைக் கேளுங்கள், அடுத்த வாரம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். ஆலயத்தைச் சுத்தம் செய்கிறவர்களையும் ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்கிறவர்களையும் தேடிப் போங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டையும் வேலையையும் மறந்து ஆலயத்திலேயே குடியிருக்காதீர்கள். திருத்தந்தை இரண்டாம் ஜான் பவுல் பொதுநிலையினர் பற்றி 1988-இல் வெளியிட்ட ஊக்கவுரையில் இதை ஒரு சோதனை என்றே குறிப்பிடுகிறார்: ஆலயப் பணிகளில் மூழ்கி, தொழிலிலும் சமூகத்திலும் குடும்பத்திலும் உள்ள கடமையை விட்டுவிடுவது. பொதுநிலையினரின் முதல் களம் உலகம்தான். பங்குப் பொறுப்பு ஏற்றதால் ஒருவர் மற்றப் பொதுநிலையினரைவிட ஒரு படி மேலே போய்விடவில்லை.

அவர்மேல் குறை இருந்தால் யாரிடம் சொல்வது?

முதலில் அவரிடமே. சரிவரவில்லை என்றால் பங்குத்தந்தையிடம். திருச்சபையின் நலன் பற்றிய கருத்தை மேய்ப்பர்களிடம் சொல்ல நம்பிக்கையாளருக்கு உரிமை உண்டு, சில வேளைகளில் கடமையும் உண்டு என்கிறது சட்டம் 212. மரியாதையோடும் பொதுநலனை மனதில் வைத்தும் சொல்ல வேண்டும் என்றும் அதே சட்டம் சேர்க்கிறது. சிறுவர் பாதுகாப்பு பற்றிய புகார் என்றால் இந்த வரிசை பொருந்தாது. தாமதிக்காமல் மறைமாவட்டத்தின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடமும் காவல்துறையிடமும் போக வேண்டும்.

மக்கள் இன்னும் பழையவரையே தேடிப் போனால்?

கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும், யாரும் புண்பட வேண்டியதில்லை. பழையவர் "அவரைப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்பாமல், வந்தவரைக் கையோடு அழைத்துக்கொண்டு புதியவரிடம் போவது நல்லது. பங்குத்தந்தையும் அப்படியே செய்யலாம். மறைக்கல்வி பற்றி யாராவது நேராகத் தன்னிடம் கேட்டால், பதில் தெரிந்திருந்தாலும் "வாங்க, அவரிடமே கேட்போம்" என்று கூட்டிப்போகலாம்.

பங்குத்தந்தை மாற்றலாகிப் போனால் இவர் பொறுப்பு என்ன ஆகும்?

மறைமாவட்ட விதிமுறையைப் பாருங்கள். பேரவை தொடருமா, புதிதாக அமைக்கப்படுமா என்பதை அதுதான் முடிவு செய்யும். நியமனம் எழுத்தில் இருந்தால் புதிதாக வரும் பங்குத்தந்தைக்கு வேலை எளிது. பொறுப்பு, காலம், எல்லை மூன்றும் எழுதிய ஒரு பக்கக் கடிதத்தை அறிமுகத்தன்றே அவரிடம் கொடுத்து, ஒரு பிரதியைப் பங்கு அலுவலகக் கோப்பில் வைத்துவிடுங்கள்.